தாத்தா வெச்ச பலாமரத்துல டி.வி கேபினட்! - டெல்டா வீடுகளுக்கு ஒரு முழு கைடு

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்த விடியற்காலையை டெல்டாக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று போகிற வழியெல்லாம் தென்னை, மா, பலா, தேக்கு என எல்லாம் தரையில் கிடந்தன. எங்க வீட்டுக் கொல்லையில் தாத்தா வெச்ச பலாமரமும் அன்னிக்குத்தான் சாய்ந்தது. விறகுக்குப் போட யாருக்கும் மனசு வரல. தை மாசம் வாள்பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பலகையா அறுத்து, மாட்டுக் கொட்டகையில் ஒன்னு மேல ஒன்னா அடுக்கி வெச்சோம்.

சித்திரையில் அந்தப் பலகையில் ஹாலுக்கு ஒரு டி.வி கேபினட். பார்க்க அவ்வளவு அழகு. ஆடியில் மேல்பலகை 'டப்'புனு ஒரு சத்தத்தோட நீளவாக்கில் வெடிச்சுது. ஐப்பசியில் கதவு இறுகி, திறக்கவே முடியல. தப்பு மரத்து மேல இல்ல, ஆசாரி மேலயும் இல்ல. "இன்னும் ஆறு மாசம் காயட்டும் தம்பி. வெட்டுனாலும் அது தண்ணி குடிக்கும், தண்ணி கக்கும்"னு அவர் சொன்னார். நாங்கதான் கேட்கல.

அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையோட சாரமும். கெட்டி மரத்தில் செய்யும் எந்தப் பொருளும் வருஷம் முழுக்க விரிந்து சுருங்கும். அதைத் தடுக்க முடியாது. அதுக்கு இடம் விட்டுச் செஞ்சா கேபினட் பேரன் காலம் வரை நிக்கும். இறுக்கிப் பூட்டினா ஒரே வருஷத்துல கதை முடிஞ்சிடும். எங்க செலவில் கத்துக்கிட்ட பாடத்தை இங்கே வரிசையா சொல்றேன்.

ஏன் சுவரில் மாட்டணும்?

டெல்டா வீடுகளுக்குத் தரையில் நிற்கும் மரச்சாமான் எப்பவுமே தலைவலிதான். களிமண் பூமி, நிலத்தடியில் ஈரம், பல பழைய வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம். தரையைத் தொடும் மரக்கால்தான் கரையானுக்கு முதல் படிக்கட்டு. அடைமழையில் வாசல் தாண்டித் தண்ணி வந்துட்டா முதலில் ஊறுவதும் அதுதான்.

தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சுவரில் மாட்டினா இந்த மூணு பிரச்னையும் பெரும்பாலும் போயிடும். அடியில் துடைப்பம் போகும், மாப் போகும். சின்ன ஹாலும் பெருசாத் தெரியும்.

ஆனா, ஒரு பெரிய பொறுப்பும் சேர்ந்தே வருது. முப்பது கிலோ மரம், அதுக்குள்ள இருபது கிலோ சாமான். மொத்தமும் சில போல்ட்டுகளை நம்பித் தொங்குது. அதுக்குக் கீழேதான் வீட்டுக் குழந்தை உட்கார்ந்து விளையாடும். அதனால மரவேலைக்குக் கொடுக்கிற கவனத்தை அப்படியே சுவருக்கும் கொடுக்கணும்.

'ஹார்டுவுட்'னா கடினமான மரமா?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இலை அகலமா இருக்கிற, பூத்துக் காய்க்கிற மரங்களை 'ஹார்டுவுட்' என்பார்கள். தேக்கு, பலா, வேங்கை, வேம்பு எல்லாம் இதில் வரும். பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் 'சாஃப்ட்வுட்'. இதில் அழுத்தத்துக்கும் பெயருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

நமக்கு இதைவிடப் பயன்படுற பாகுபாடு தொல்காப்பியத்திலேயே இருக்கு. உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளிப்பக்கம் உறுதியா இருந்தால் புல் என்று மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். அதனாலதான் தென்னையின் வெளிச்சுற்று மட்டும் கெட்டி, உள்ளே சோறு.

மரம் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இந்த வைரத்தைத்தான். நடுவில் கருத்து, அடர்ந்து இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்து இருக்கும் பகுதியில் சத்து இருக்கும், அதனால் வண்டும் கரையானும் அங்கேதான் முதலில் வாய் வைக்கும். பலகையில் வெளுப்பு இருந்தா அறுத்துத் தள்ளிடுங்க. "பாலிஷ் போட்டா தெரியாது"னு யாராவது சொன்னா, தெரியாதது உங்க கண்ணுக்கு மட்டும்தான், வண்டுக்கு இல்லை.

எந்த மரம் எடுக்கலாம்?

* தேக்கு: விரிதல், சுருங்குதல் குறைவு. மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையானை நல்லாத் தாங்கும். கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வரிசையா நிற்கிற தேக்கைப் பார்த்திருப்பீங்க. இந்த மண்ணில் நல்லா வளர்ற மரம்தான். ஒரே கவனம்: பசை போடும் முன்னாடி இணைப்பு இடத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்கணும். இல்லைன்னா அந்த எண்ணெய், பசையைப் பிடிக்க விடாது.

* பலா: புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை இந்த மரத்தில்தான் செய்யப்படுகிறது. ஒரே கட்டையில் குடைந்தால் 'ஏகாந்த வீணை'. இதே காற்றில், இதே ஈரத்தில் தலைமுறை தாண்டி நிற்கும் மரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வருஷம் போகப் போகப் பழுப்பேறித் தேன் நிறத்துக்கு வரும்.

* வேங்கை: அழுத்தம் அதிகம், எடையும் அதிகம். சட்டங்களுக்கு அருமை. முழுக் கேபினட்டும் இதிலேயே செய்தால் சுவருக்குச் சுமை கூடும்.

* பூவரசு: வாய்க்கால் ஓரமெல்லாம் இருக்கும். உறுதியான மரம். ஆனால், நேரான நீளப் பலகை கிடைப்பது கஷ்டம். கதவுச் சட்டத்துக்கும் பிரிப்புப் பலகைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

* வேம்பு: பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். நல்லாக் காய்ந்த பலகையாக இருந்தால் மட்டும் எடுங்க.

* வாகை: காப்பி நிறத்தில் அழகான ரேகை. இழைக்கும்போது வரும் தூள் தும்மலைக் கிளப்பும். மாஸ்க் கட்டாயம்.

இன்னொரு வழியும் இருக்கு. இடித்த பழைய வீடுகளின் உத்தரம், நிலை, கதவு. பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் புது மரத்தைவிட இது அடங்கி இருக்கும். வாங்கும் முன்னாடி காந்தத்தை ஓட்டிப் பாருங்க. உள்ளே உடைந்த ஆணி இருந்தா இழைப்புளி வாய் போயிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சுரண்டும்போது மாஸ்க் போட்டுக்கோங்க, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

சொந்தக் கொல்லைத் தேக்காக இருந்தாலும், வெட்டி வண்டியில் ஏற்றும் முன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். வழியில் வண்டியை நிறுத்தினால் கையில் காகிதம் இருக்கணும்.

அவசரப்பட்டா வெடிக்கும்

பச்சை மரத்துக்குள் இருக்கும் தண்ணி வெளியேறணும். வெளிப்பக்கம் சீக்கிரம் காயும், உள்பக்கம் மெதுவா காயும். இந்த வித்தியாசம்தான் வெடிப்புக்கு முதல் காரணம்.

பலகையின் தடிமன் ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. நம்ம ஊர் வெயிலில் இது கொஞ்சம் குறையலாம். ஆனால், அடுக்கும் முறை சரியா இருக்கணும்.

* தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி, செங்கல் மேல் கட்டை போட்டு அடுக்கணும்.
* ஒவ்வொரு பலகைக்கும் நடுவில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக, முக்கால் அங்குல ரீப்பர் வைக்கணும். மேல்வரிசை ரீப்பர் கீழ்வரிசை ரீப்பருக்கு நேர் மேலேயே இருக்கணும்.
* பலகையின் இரண்டு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசணும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமா ஓடும், வெடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும்.
* நிழல் வேணும், காற்று வேணும். வெயில் கூடாது.

நாங்க செஞ்ச முதல் தப்பு இதுதான். ரீப்பர் வைக்காம ஒன்னு மேல ஒன்னா அடுக்கினோம். வெளியே காய்ந்த மாதிரி இருந்த பலகைக்குள் ஈரம் அப்படியே இருந்தது.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஈரப்பதம் அளக்கும் சின்ன மீட்டர் ஆன்லைனிலேயே கிடைக்குது. 12 சதவிகிதத்தை ஒட்டி வந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். ஏ.சி ஹால் என்றால் இன்னும் கொஞ்சம் குறைவா இருப்பது நல்லது. மீட்டர் இல்லைன்னா, ஒரு பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைங்க. தொடர்ந்து நாலு வாரம் எடை மாறலைன்னா காற்றோடு சமாதானம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். கடைசி இரண்டு வாரம் பலகைகளை எந்த ஹாலில் மாட்டப் போறீங்களோ அங்கேயே வெச்சிருங்க.

அளவும் கணக்கும்

43 முதல் 55 இன்ச் டி.விக்குப் பொருந்தும் ஒரு மாதிரி அளவு இது: நீளம் 5 அடி, உயரம் 12 அங்குலம், ஆழம் 14 அங்குலம். உள்ளே இரண்டு பிரிப்புப் பலகை. ஆக மூன்று அறை, மூன்று கதவு.

மரவாடியில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வாங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். நீளத்தை அடியிலும், அகலம், தடிமன் இரண்டையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 144-ஆல் வகுங்க. உதாரணத்துக்கு, 6 அடி நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் பலகை என்றால் 72-ஐ 144-ஆல் வகுக்க, அரை கன அடி.

நம்ம கேபினட்டுக்கு எல்லாப் பலகையும் சேர்த்துச் சுமார் 25 சதுர அடி வரும். ஓர் அங்குலப் பலகையில் அது 2 கன அடிக்குக் கொஞ்சம் மேல். வெளுப்பு, முடிச்சு, இழைப்பு என்று கழியும். அதனால் 3 கன அடி வாங்கினால் போதும்.

இழைத்து முக்கால் அங்குலம் ஆன பிறகு தேக்கில் இதன் எடை 30 கிலோவை ஒட்டி வரும். ஒரு கன அடி தேக்கு சராசரியா 18 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சாமான் ஒரு 20 கிலோ. மொத்தம் 50. குழந்தை பிடித்துத் தொங்கும், தாத்தா கையை ஊன்றி எழுந்திருப்பார். அதையும் சேர்த்து 100 கிலோ தாங்கணும் என்று திட்டமிடுங்க.

விரிவதற்கு இடம் விடுங்க

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட விரியாது. ரேகைக்குக் குறுக்காக, அதாவது அகலத்தில்தான் விரியும். 14 அங்குல அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 4 சதவிகிதம் ஏறினால், அகலம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை கூடும். அறுத்த விதத்தைப் பொறுத்து இது மாறும். மூணு மில்லிமீட்டர்தானே என்று தோணும். ஆனா, அதைத் தடுத்தால் இரும்பு ஆங்கிளையே வளைக்கிற பலம் அதுக்கு உண்டு.

இதைச் சமாளிக்க நாலு விதி போதும்.

ஒன்று: மேல், கீழ், இரு பக்கம், பிரிப்பு ஆகிய எல்லாப் பலகையிலும் ரேகை பெட்டியைச் சுற்றியே ஓடணும். அதாவது, மேல்பலகையில் இடமிருந்து வலம், பக்கப் பலகையில் மேலிருந்து கீழ். அப்போது எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக ஒன்றாக விரியும், ஒன்றாகச் சுருங்கும். சண்டை வராது.

இரண்டு: மூலைகளில் ஆணி வேண்டாம். புறாவால் வடிவத்தில் ஒன்றுக்குள் ஒன்று பூட்டும் இணைப்பு இருந்தால் எடை தாங்கும். பிரிப்புப் பலகைக்கு மேலும் கீழும் கால் அங்குலப் பள்ளம் வெட்டி இறக்கினால் போதும்.

மூன்று: அகலமான பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டவே கூடாது. திருகு போடணும் என்றால், ஒரு திருகு மட்டும் இறுக்கமா இருக்கட்டும். மற்றதுக்கு நீள்துளை போட்டு, வாஷர் வைத்து முடுக்குங்க. பலகை நகரும்போது திருகும் அந்தத் துளைக்குள் நகரும். எங்க வீட்டு மேல்பலகை வெடிச்சதுக்கு இரண்டாவது காரணம் இதுதான். உறுதியா இருக்கட்டும் என்று நாங்களே கேட்டு, முன்னும் பின்னும் இரும்பு ஆங்கிளில் இறுக்கி முடுக்கச் சொன்னோம்.

நான்கு: ஒரே பலகையில் 14 அங்குலம் கிடைக்கலைன்னா கவலை வேண்டாம். இரண்டு மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டலாம். ரேகை ஒரே திசையில் இருந்தால் இதில் ஆபத்து இல்லை.

கதவு: பழைய வீட்டு வாசலைப் பாருங்க

கதவை ஒரே பலகையில் செய்யாதீங்க. நம்ம ஊர் பழைய வீட்டு வாசல் கதவுகளைக் கவனிச்சிருக்கீங்களா? சுற்றிச் சட்டம், நடுவில் பலகை. அந்தப் பலகை சட்டத்தின் பள்ளத்துக்குள் பசை இல்லாம சும்மா உட்கார்ந்திருக்கும். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யல. நடுப்பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் சட்டத்தின் அளவு மாறாது, கதவும் இறுகாது.

பள்ளத்துக்குள் பலகையின் இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடம் விடுங்க. சட்டத்தின் மூலைகளுக்கு மட்டும் துளையும் கழுந்தும் வைத்துப் பசை போடுங்க.

பலகைக்குப் பதிலா பிரம்புப் பின்னல் வைத்தால் இன்னும் நல்லது. சீர்காழி பக்கம் தைக்கால் கிராமத்தில் சாலையோரமே பிரம்புக் கடைகள் வரிசையா இருக்கும். பின்னல் வழியா செட்டாப் பாக்ஸின் சூடு வெளியேறும். கண்ணி கொஞ்சம் பெருசா இருந்தா கதவைத் திறக்காமலே ரிமோட்டும் வேலை செய்யும்.

எந்த மாசத்துல செய்யறது?

வழக்கமா ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிற கணக்கு விவசாயிக்கு எப்படியோ, மரவேலைக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு.

* சித்திரை, வைகாசியில் மரம் சுருங்கி இருக்கும். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. மழையில் அது தானா அடையும்.
* ஐப்பசி, கார்த்திகையில் மரம் விரிந்து இருக்கும். அப்போ ஒன்றரை மில்லிமீட்டர் போதும். கோடையில் இடைவெளி தானா கூடும்.
* தை, மாசி ரெண்டுக்கும் நடுவில் நல்ல நேரம். சம்பா அறுப்பு நடக்கும், மழை ஓய்ந்திருக்கும், காற்றில் ஈரம் நடுத்தரம். அப்போ 2 மில்லிமீட்டர் வைக்கலாம்.

சுவர் தாங்குமா?

மரவேலை ஆரம்பிக்கும் முன்னாடியே சுவரைப் பார்த்துடணும்.

* 9 அங்குலச் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு: சிறந்தது. போல்ட் செங்கல்லின் நடுவில் இறங்கணும், இரண்டு கல் சேரும் கலவையில் இறங்கக் கூடாது.
* நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்: பிளக்கை மட்டும் நம்ப வேண்டாம். மறுபக்கம் வரை துளை போட்டு, இரும்புத் தகடு வைத்து நட் முடுக்குவதுதான் பாதுகாப்பு.
* பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்: அகலம் இருக்கும், ஆனால் உள்ளே கலவை உதிரும். விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் கல்லையே தள்ளிவிடும். கெமிக்கல் ஆங்கர் அல்லது மறுபக்கம் வரை போகும் போல்ட்தான் சரி.
* ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி பிளாக்: இவற்றுக்கென்று தனிப் பிளக் இருக்கு. கடையில் சுவர் வகையைச் சொல்லிக் கேளுங்க. சுத்தியல் மோடில் டிரில் போடாதீங்க, உள்சுவர் உடைஞ்சிடும்.

உப்புப் பூத்திருந்தாலோ, தட்டினால் பூச்சு 'பொத் பொத்' என்று கேட்டாலோ, மறுபக்கம் பாத்ரூம் இருந்தாலோ வேறு சுவரைத் தேடுங்க. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீங்க. வயர் பெரும்பாலும் அந்த வழியாத்தான் ஓடும்.

மாட்டுறது எப்படி?

இதுக்கு ரொம்ப எளிய, நம்பகமான முறை சாய்வுச் சட்டம். 4 அங்குல அகலச் சட்டம் இரண்டு எடுத்து, ஒரு விளிம்பை 45 டிகிரி சாய்வா அறுக்கணும். ஒன்று சுவருக்கு, ஒன்று கேபினட் முதுகுக்கு.

சுவர்ச் சட்டத்தின் மேல்விளிம்பு சுவரை நோக்கிச் சரிந்து இருக்கணும். கேபினட் சட்டத்தின் கீழ்விளிம்பு அதில் கொக்கி மாதிரி போய் உட்காரும். எடை கூடக் கூட, கேபினட் சுவரோடு நெருங்கி உட்காருமே தவிர முன்னால் வராது.

5 அடிச் சட்டத்துக்கு 10-11 அங்குலத்துக்கு ஒன்றாக 6 போல்ட். முக்கால் அங்குலச் சட்டம், இரண்டு சென்டிமீட்டர் வரை பூச்சு, செங்கல்லுக்குள் 6 சென்டிமீட்டர். ஆக, குறைந்தது 10 சென்டிமீட்டர் நீளம் வேணும். பூச்சைத் தாண்டாத போல்ட், காலண்டர் மாட்டத்தான் லாயக்கு.

கேபினட்டோட சட்டத்தைப் பின்னாடி இருக்கும் ப்ளைவுட்டில் மட்டும் திருகிடாதீங்க. மேல்பலகை, இரண்டு பக்கப் பலகை, பிரிப்புப் பலகை எல்லாவற்றிலும் அது பிடிக்கணும். கீழ்ப்பக்கம் அதே தடிமனில் ஒரு கட்டை வைத்தால் கேபினட் தூக்குமட்டமா நிற்கும். கடைசியா, யாரும் தூக்கிக் கழற்ற முடியாதபடி கீழே ஒரு பூட்டுத் திருகு.

ஆழத்தை இஷ்டத்துக்குக் கூட்டாதீங்க. 100 கிலோ எடை, சுவரிலிருந்து 8 அங்குலம் தள்ளி இருக்கிறது, மேல்சட்டத்துக்கும் கீழ்க்கட்டைக்கும் நடுவில் 10 அங்குலம் என்று வைங்க. மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை 80 கிலோ. ஆழத்தை 20 அங்குலமாக்கினால் அதே எடைக்கு அது 110 கிலோ ஆகும்.

ரசமட்டம் வெச்சுப் பார்த்து மாட்டுங்க. டி.வியைத் தனி பிராக்கெட்டில் சுவரிலேயே மாட்டிடுங்க. அதோட எடையும் கேபினட்டுக்கு வேண்டாம். மாட்டிய பிறகு சாமானை உடனே வைக்காதீங்க. 50 கிலோ அரிசியைப் பைகளாகப் பிரித்து கேபினட் மேல் பரப்பி, ஒரு ராத்திரி விடுங்க. கீழே யாரும் படுக்க வேண்டாம். காலையில் சுவரில் கீறலோ, சட்டத்தில் இடைவெளியோ இல்லைன்னா நீங்க பாஸ்.

சூடும் வயரும்

சாய்வுச் சட்டத்தால் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் முக்கால் அங்குல இடம் கிடைக்கும். வயர் அங்கேயே ஓடட்டும். பின்பக்கத்தை முழுசா மூடாதீங்க. செட்டாப் பாக்ஸ், ரௌட்டரைச் சுற்றி 2 அங்குலமாவது காலி இடம் வேணும். அந்த இடைவெளியில் மாசம் ஒருமுறை டார்ச் அடிச்சுப் பாருங்க. கரையான் சுவர் வழியாவும் ஏறும். மண்கோடு தெரிந்தால் அன்னிக்கே கவனிக்கணும்.

பாலிஷ்: முன்னாடி மட்டும் போதாது

பலரும் தவற விடுற இடம் இது. கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு, அடிப்பக்கமும் முதுகும் பச்சையா விடுவாங்க. அப்போ ஒரு பக்கம் ஈரத்தை வேகமா குடிக்கும், மறுபக்கம் மெதுவா குடிக்கும். பலகை வளைஞ்சு கிண்ணம் மாதிரி ஆயிடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு பூசுங்க. பாலிஷ் ஈரத்தைத் தடுக்காது, வேகத்தைத்தான் குறைக்கும். அதனால பாலிஷ் போட்டாச்சேன்னு இடைவெளியைக் குறைக்காதீங்க.

உப்புத்தாளை 120-ல் ஆரம்பித்து 180, 240 என்று ரேகை போகும் திசையிலேயே தேயுங்க. ஆளி விதை எண்ணெயும் மெழுகும் பூசினால் மரத்தின் நிறம் எழும்பி வரும், கீறல் விழுந்தாலும் நாமே சரி பண்ணிக்கலாம். பாலியூரித்தேன் போட்டால் தண்ணிக் கறையைத் தாங்கும், ஆனால் கீறல் விழுந்தால் ஆள் கூப்பிடணும். ஒரு எச்சரிக்கை: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைங்க, இல்லைன்னா தண்ணியில் முக்கிட்டுப் போடுங்க.

ஆசாரிகிட்ட கேட்க வேண்டிய 5 கேள்வி

எல்லாத்தையும் நாமே செய்ய முடியாது. புறாவால் இணைப்பும் கழுந்தும் கை பழகினவங்க வேலை. கூப்பிடும்போது இதைக் கேளுங்க:

1. பலகை எத்தனை மாசம் காய்ந்தது? மீட்டர் வெச்சுப் பார்க்கலாமா?
2. வெளுப்பை முழுசா எடுத்துடுவீங்களா?
3. மேல்பலகை நகர இடம் விடுவீங்களா?
4. கதவு நடுப்பலகைக்குப் பசை போடாம விடுவீங்கதானே?
5. சட்டம் எந்தெந்தப் பலகையில் பிடிக்குது?

நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். "ஒரு மாசம் பொறுங்க"னு அவர் சொன்னா, பொறுத்துக்கோங்க. ரெடிமேடு போர்டு கேபினட் மூணு நாளில் வீட்டுக்கு வந்துடும். அந்த வேகத்தோட போட்டி போடச் சொல்லித்தான் நாம ஆசாரியை அவசரப்படுத்துறோம். அப்புறம் மரம் வெடிச்சா அவர் தலையில் பழியைப் போடுறோம்.

எங்க கேபினட் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? அதே ஆசாரி அண்ணன்தான் மறுபடி வந்தார். ஆங்கிளைக் கழற்றி, வெடிச்ச இடத்தோடு பலகையை நீளவாக்கில் அறுத்து, விளிம்பை இழைத்துத் திரும்ப ஒட்டினார். கதவுகளைச் சட்டம் போட்டு மாற்றினார். கூலி பேசும்போது, பழசுக்கும் சேர்த்துக் குறைச்சுக்கிட்டார். வேண்டாம்னு அப்பா முழுசா கொடுத்தார்.

மேல்பலகை அரை அங்குலம் குறுகிப்போச்சு. மஞ்சளா இருந்த பலா இப்போ நல்ல பழுப்பு. ஒவ்வொரு ஐப்பசிக்கும் கதவு இடைவெளி குறையும், சித்திரைக்குத் திரும்ப வரும். பாட்டி அதைத் தொட்டுப் பார்த்துட்டு, "மழை வருதுடா"னு சொல்வாங்க. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.